ஒற்றை ராணியிலிருந்து ஒரு கட்டெறும்புக் கூட்டம்: நீண்டகால வளர்ப்பு அனுபவம்

வேப்பமரத்தடியிலும் தோட்டத்து வரப்பிலும் நாம் அன்றாடம் காணும் பெரிய கறுப்புக் கட்டெறும்பைத்தான் நான் வளர்த்து வருகிறேன். கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ் என்ற அறிவியல் பெயருடைய இந்த இனத்தை 1787ஆம் ஆண்டிலேயே டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் விவரித்துவிட்டார். முதன்முறையாக எறும்பு வளர்ப்பவருக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான இனம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உருவம் பெரியது என்பதால் கூட்டுக்குள் நடப்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். கொடுக்கு இல்லாததால், கடிக்கும்போது சிறிது ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவதோடு தொல்லை முடிந்துவிடும்.

எங்கள் பகுதியில் கோடை மழைக்குப் பிந்தைய மாலைகளில் சிறகுள்ள ராணிகள் விளக்கு வெளிச்சத்தை நாடி வருகின்றன. சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் ஒதுங்கிடம் தேடி அலையும் ராணியே இணைசேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் அது உறுதியான அடையாளமன்று, முட்டையிலிருந்து வேலைக்கார எறும்பு வெளிவந்தால்தான் நிச்சயம். ராணியை வைப்பதற்குத் தேவையானது ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயும் சிறிது பஞ்சும் மட்டுமே. குழாயின் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, அதைப் பஞ்சால் இறுக அடைத்து, எஞ்சிய உலர்ந்த பகுதியில் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடிவிட வேண்டும். இவ்வளவு மலிவான பொருள் இவ்வளவு குறையின்றி வேலை செய்வதை வேறெந்த வளர்ப்பிலும் நான் கண்டதில்லை.

இதன்பின் வளர்ப்பவருக்கு வேலையே இல்லை. பலருக்கு அதுதான் கடினம். கட்டெறும்பு ராணிக்கு இந்தக் காலத்தில் உணவு தேவைப்படாது. இனிப் பறக்கப் போவதில்லை என்பதால் அதன் சிறகுத் தசைகள் உடலுக்குள்ளேயே கரைந்து, உடற்கொழுப்போடு சேர்ந்து, அதற்கும் முதல் புழுக்களுக்கும் ஊட்டமாகின்றன. அடிக்கடி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தாலோ அதிர்வு ஏற்படுத்தினாலோ, ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடக்கூடும். முட்டை, புழு, பட்டுக்கூட்டுக்குள் உறங்கும் கூட்டுப்புழு ஆகிய நிலைகளைக் கடந்து முதல் வேலைக்காரிகள் வெளிவர, நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். முதல் தலைமுறை எறும்புகள் சிறுத்தும் மெலிந்தும் இருப்பதைக் கண்டு நோயென்று அஞ்ச வேண்டியதில்லை. ராணி தன் உடலிலிருந்தே ஊட்டி வளர்த்தவை அப்படித்தான் இருக்கும். பெரிய தலையும் வலுவான தாடையும் கொண்ட சிப்பாய்கள், கூட்டம் பெருத்த பிறகே தோன்றின.

கடைகளில் விற்கும் அக்ரிலிக் கூடுகளைப் பற்றி என் மதிப்பீடு அவ்வளவு உயர்வானதன்று. பார்வைக்கு அழகாக இருக்கின்றன. ஆனால் பத்துப் பதினைந்து எறும்புகள் உள்ள கூட்டத்தை அவற்றில் குடியேற்றினால், தேவைக்கு மிஞ்சிய அறைகளை எறும்புகள் குப்பைமேடாக்கிவிடுகின்றன. குழாய் நிறைந்து நெரிசல் ஏற்படும் வரை குழாயிலேயே விடுவதுதான் நல்லது. அதன்பிறகும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடுகள் ஈரத்தை உறிஞ்சிச் சீராக வெளியிடுவதால் நம் வறண்ட கோடைக்கு ஏற்றவையாக உள்ளன. கூட்டின் மேல் சிவப்பு செல்லோஃபேன் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். எறும்புகள் புற ஊதா ஒளியை விலக்கிச் சிவப்பொளியை இருளைப் போலவே ஏற்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் லப்பக் 1880களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

நம் வீடுகளில் இந்த வளர்ப்புக்கு உண்மையான எதிரி சிற்றெறும்பு. தீனிப் பெட்டியில் வைத்த சர்க்கரை நீரை மோப்பம் பிடித்து அது நுழைந்துவிட்டால், இளங்கூட்டம் தாங்காது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் வீட்டுப் பழக்கமே இங்கும் சிறந்த காவல். நம் எறும்புகள் தப்பிக்காமலிருக்கப் பெட்டியின் விளிம்பில் முகப்பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசலாம். மழைக்காலத்து ஈரப்பதத்தில் அது பிடிப்பிழந்து உதிர்வதால் மறுபடியும் மறுபடியும் பூச நேரிடும். எறும்புச் சாக்பீஸ் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது.

இனிப்பு வேலைக்காரிகளுக்கு, புரதம் புழுக்களுக்கு என்பதே தீனியின் அடிப்படைக் கணக்கு. நீர்த்த தேன் எப்போதும் இருக்கலாம்; மீன், பறவைத் தீனிக் கடைகளில் கிடைக்கும் மாவுப்புழுவை வெந்நீரில் முக்கி, நறுக்கி, வாரத்திற்கு ஓரிரு முறை கொடுக்கிறேன். வீட்டுக் கரப்பானைக் கொடுப்பதில்லை, அது எந்த மருந்தைத் தின்று வந்ததென்று யாருக்குத் தெரியும்? இந்த இனத்தின் குடலில் வாழும் பிளாக்மேனியா என்ற நுண்ணுயிர், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் சிலவற்றைத் தயாரித்துக் கொடுப்பதால், ஓரிரு வாரம் புரதம் தவறினாலும் கூட்டம் சமாளித்துக்கொள்கிறது. ஆனால் தண்ணீர் ஒருநாளும் தவறக்கூடாது.

குளிர்நாட்டினர் பேசும் சூடேற்றும் கம்பியும் குளிர்கால உறக்கமும் நமக்குத் தேவையில்லை. குளிர்சாதன அறையில் மட்டும் கூட்டை வைக்க வேண்டாம், புழுக்களின் வளர்ச்சி கண்கூடாகத் தாமதமாகிறது. ராணிக்குப் பணம் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தொலைவிலிருந்து அஞ்சலில் வந்த ராணியின் கூட்டத்தைப் பின்னாளில் வளர்க்க முடியாமற்போனால் நம் தோட்டத்தில் விட முடியாது. உள்ளூரில் பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே திருப்பி விடலாம். ஐரோப்பியக் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணியொன்று வளர்ப்பில் 28 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறது என்பதால், இந்தக் கணக்கையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுவது நல்லது.