பூனைக்குக் காப்பீடா, தனிச் சேமிப்பா?

எங்கள் கடுவன் பூனைக்கு அப்போது 4 வயது. ஒரு ராத்திரி முழுக்க மணல் தட்டுக்குப் போவதும், முக்குவதும், ஒரு சொட்டும் வராமல் திரும்புவதுமாக இருந்தான். சிறுநீர் அடைப்பு. கடுவன்களுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலாக இருப்பதால் இது அவற்றுக்குத்தான் அதிகம் வரும். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி, சில நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

பில் கட்டின பிறகுதான் காப்பீடு பற்றி விசாரித்தேன். எடுக்கலாம், ஆனால் இந்த நோய் திரும்பி வந்தால் பணம் கிடைக்காது என்றார்கள். ஏற்கெனவே இருந்த நோயைப் பாலிசிகள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. சிறுநீர் அடைப்போ திரும்பத் திரும்ப வரக்கூடியது. அதனால்தான் காப்பீடு எடுப்பதா, மாதாமாதம் தனியாகச் சேமிப்பதா என்ற ஒப்பீட்டைப் பூனை நன்றாக இருக்கும்போதே போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

சேமிப்பில் பெரிய வசதி, பணம் உங்களுடையது. பூனை நோய்நொடி இல்லாமல் இருந்தால் அது அப்படியே நிற்கும். பல் சுத்தம் செய்யவோ தடுப்பூசி போடவோ யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அது சேர நாளாகும். நூலை விழுங்கிக் குடல் சுருண்டு அறுவை சிகிச்சை வரை போவதும், லில்லிப் பூவைக் கடித்துச் சிறுநீரகம் கெடுவதும் துறுதுறுவென்று திரியும் குட்டி வயதில் நடந்துவிடலாம். அப்போது உங்கள் கணக்கில் 5 மாதச் சேமிப்புதான் இருக்கும்.

காப்பீடு இதற்கு நேர்மாறு. காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்ததும் பாதுகாப்பு தொடங்காத முதல் சில நாட்கள்) முடிந்ததுமே பெரிய தொகைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பில் முழுதையும் தருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பில் 100 பங்கு என்று வையுங்கள். முதல் 20 உங்கள் பொறுப்பு, மீதியில் 80 சதவீதம் நிறுவனம் தரும் என்றால், கைக்கு வருவது 64. சில பாலிசிகளில் முதலில் சதவீதம் போட்டு, அப்புறம் அந்த 20-ஐக் கழிப்பார்கள், அப்போது 60தான். ஆண்டு உச்சவரம்பு வேறு இருக்கும். பல இடங்களில் நீங்கள் முதலில் கட்டிவிட்டுத்தான் கிளைம் செய்ய வேண்டும். ஆகவே காப்பீடு எடுத்தவர் கையிலும் அவசரப் பணம் கொஞ்சம் இருந்தாக வேண்டும்.

நான் அதிகம் யோசித்தது நீண்ட நாள் நோய்களைப் பற்றித்தான். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சகஜம். ஒருமுறை வந்தால் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் தொடரும். சில பாலிசிகள் ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். வேறு சில ஆண்டுதோறும் வரம்பைப் புதுப்பித்து ஆயுள் முழுக்கத் தொடரும். இரண்டாவது வகைக்குப் பிரீமியம் கூடுதல்தான், ஆனாலும் காப்பீடு எடுப்பதானால் அதையே பார்ப்பேன். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்; 10 வயதில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால், வேறு நிறுவனத்தில் எல்லாமே பழைய நோயாகிவிடும்.

விபத்துக்கு மட்டுமான மலிவுப் பாலிசியும் உண்டு. ஆனால் நோய் வந்தால் அது பயன்படாது.

இனத்தையும் பாருங்கள். பெர்சியனுக்குப் பரம்பரைச் சிறுநீரகக் கட்டிகளும், மெயின் கூனுக்கு இதயத் தசை தடிப்பதும் தெரிந்த விஷயங்கள். பரம்பரை நோய் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ராத்திரியில் பெரிய பில் வந்தால் கடன் வாங்காமல் கட்ட முடியும் என்பவருக்குச் சேமிப்பே போதும். முடியாதவர், குட்டிக்கு எந்த நோயும் பதிவாகும் முன்பே பாலிசி எடுத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் நடக்கிறது. புதிதாக வந்த குட்டிக்குப் பாலிசி. கடுவனுக்கு மாதாமாதம் அதே பிரீமியத் தொகை தனிக் கணக்கில்.