ஸ்கேன் டாக்டருக்கு 5 ஸ்டார், ரத்தம் எடுத்த கவுன்டருக்கு 1

கர்ப்பத்துல எடுக்குற ஏஎஃப்பி டெஸ்ட்டும் (குழந்தையோட முதுகுத்தண்டு மூடியிருக்கான்னு கண்டுபிடிக்க, அம்மா ரத்தத்துல ஒரு புரதத்த அளக்குறது) ஸ்கேனும் ஒரே சென்டர்லதான் பண்ணேன், பேர் வேணாம் விடுங்க. 17 வாரத்துல ரத்தம் குடுத்தேன், நாலு நாள் கழிச்சு ராத்திரி போனுக்கு ரிப்போர்ட் வருது, 2.7 எம்ஓஎம் (அந்த வாரத்துக்கான நடு அளவப் போல 2.7 மடங்கு), ஹை ரிஸ்க், ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகுத்தண்டு சரியா மூடாத குறைன்னு, சிவப்பு எழுத்துல. ஒரு போன் இல்ல, விளக்கம் இல்ல. அன்னைக்கு வீட்ல யாரும் தூங்கல. முன்னாடி எடுத்த என்ஐபிடிங்குற ரத்த டெஸ்ட் நார்மல்னு வந்தப்பவே எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிருந்தேன், அது குரோமோசோம் பாக்குற டெஸ்ட், முதுகுத்தண்டு மூடியிருக்கான்னு அதுல தெரியாதாம், இதையும் எவனும் சொல்லல.

மறுநாளே ஸ்கேன் போட்டாங்க. அந்த டாக்டரம்மாவுக்கு கோயிலே கட்டலாம். முக்கால் மணி நேரம் பாத்தாங்க, அதுவும் மொதல்ல தலைய. முதுகுதானே மேடம் பிரச்சனைன்னு கேட்டேன். முதுகு திறந்திருந்தா தண்டுவட நீர் வெளிய கசிஞ்சு மூளையோட பின்பக்கம் கீழ இழுபடும், அப்போ மண்டை எலுமிச்சை மாதிரியும் சிறுமூளை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சும் தெரியும்மா, அதான் சீக்கிரம் காட்டிக் குடுக்கும்னாங்க. ரெண்டுமே இல்ல. அப்புறம் முதுகெலும்ப, தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா, மேல தோல் மூடியிருக்கான்னு வரைக்கும் ஸ்க்ரீன்ல காட்டினாங்க. தோல் மூடின வகை ரத்த டெஸ்ட்ல சிக்காது, ஸ்கேன்லயும் சில சமயம் தப்பிடும்னு மறைக்காம சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சுது.

முடிச்சிட்டு லேப் ஃபார்ம வாங்கிப் பாத்தாங்க பாருங்க, அதுலதான் குட்டு வெளிப்பட்டுச்சு. 17க்கு பதிலா 15 வாரம்னு எழுதியிருக்காங்க! ஏஎஃப்பி இந்த சமயத்துல வாரா வாரம் ஏறிட்டே போகும், 15 வாரக் கணக்குல வெச்சுப் பாத்தா ஜாஸ்தியாத்தான் தெரியும். திருத்திப் போட்டா 2.0, அவங்க ஹை ரிஸ்க்னு சொல்ற கட்ஆஃப் 2.5. ஊசி போட்டு பனிக்குட நீர் எடுக்குற டெஸ்ட் தேவையில்லைன்னுட்டாங்க. குழந்தை சுருண்டு படுத்திருந்ததால அடிமுதுகு சரியா சிக்கல, 20 வாரத்துல மறுபடி வரச் சொல்லியிருக்காங்க, போகணும்.

இங்க போறவங்க ஃபார்ம்ல வாரம், உங்க எடை, ரெட்டைக் குழந்தையான்னு எல்லாம் சரியா இருக்கான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. கவுன்டர்ல போய் கேட்டா, "நீங்கதானே மேடம் சைன் பண்ணீங்க"ங்குறாங்க.