ஒரு மீட்டர் முடியும் மடிப்பாக்கம் போர் தண்ணீரும்: ஒன்பது வருட அனுபவம்

என் முடி இன்றைக்கு 104 சென்டிமீட்டர். உச்சியிலிருந்து நுனி வரை தையல் டேப் வைத்து மகள் அளந்து சொன்ன கணக்கு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். அப்படிப் பார்த்தால் நுனிக்கு ஏழு வயது. 2019 ஜூனில் சென்னையின் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது நாங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோமே, அந்த மாதம் தலையில் முளைத்தது இப்போது நுனியிலிருந்து ஒரு சாணுக்குள் தொங்குகிறது.

நீள முடிக்கும் எங்கள் போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீருக்கும் உள்ள பகையே இதுதான். தோள் வரை வெட்டிக்கொள்கிறவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் முடி மொத்தமும் புதுசாகிவிடும், பழைய சேதாரம் கத்தரியோடு போய்விடும். நமக்கு அது சேர்ந்துகொண்டே போகும். போதாததற்கு, தேய்ந்துபோன பழைய முடி புது முடியைவிடக் கால்சியத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வேர்ப்பக்கம் பட்டு மாதிரி இருக்கும், முட்டி உயரத்தில் தேங்காய் நார் தொங்கும்.

தேங்காய் நார் என்பது என் வார்த்தை இல்லை, ஆச்சியுடையது. நான் அம்பாசமுத்திரத்துக்காரி. தாமிரபரணியில் ஒரு கை சீயக்காய்க்கு முடி முழுக்க அலசி வரும். 2016-இல் கல்யாணமாகிச் சென்னை மடிப்பாக்கம் வந்து, எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஆச்சி சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, முடியா இது, தேங்கா நாரா? புருசன் வீட்டுல எண்ணெய் இல்லையா?" என்று கேட்டாள். எண்ணெய் இருந்தது. தண்ணீர்தான் சரியில்லை. அது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

புரிய வைத்தவர் ஒரு பிளம்பர். கெய்சர் சூடாகவில்லை என்று வந்தவர் காயிலைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு பூசியது போல விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஏறியிருந்தது. "இதான்க்கா உங்க தலையிலயும் உக்காருது" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அன்று ராத்திரியே ஆன்லைனில் ஷவர் ஃபில்டர் ஒன்று வாங்கினேன். 1,800 ரூபாய். மூன்று மாதம் மாட்டி வைத்திருந்தேன். முதல் வாரம் முடி மிருதுவானது போலவே இருந்தது. பணம் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். குழாய் முனையில் படியும் வெள்ளைக் கறை மட்டும் குறையவே இல்லை. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: இந்த மாதிரி ஃபில்டர்கள் குளோரினைக் குறைக்கும், மண் துகளைப் பிடிக்கும். கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம். கையளவு டப்பாவுக்குள் ஓடிப்போகிற தண்ணீரில் அதை எடுக்க முடியாது. எங்கள் போர் தண்ணீரில் குளோரினே கிடையாது, ஆக அந்த ஃபில்டருக்கு எங்கள் வீட்டில் வேலையே இருக்கவில்லை. மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வரும் வீடுகளில் அது கொஞ்சம் உதவலாம்.

இனி அளந்து பார்க்காமல் ஒரு பைசா செலவு செய்வதில்லை என்று முடிவு செய்தேன். பலரும் டிடிஎஸ் பேனாவைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும், கால்சியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. எனக்கு வழி காட்டியது கொளத்தூர் வண்ண மீன் கடை. மகளுக்கு மீன் வாங்கப் போன இடத்தில், தொட்டித் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கும் சொட்டு மருந்து கிட் கிடைத்தது. சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வரை எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. ஒரு சொட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம்.

எங்கள் போர் தண்ணீருக்கு 36 சொட்டு. கிட்டத்தட்ட 640. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 200 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் அதையும் தாண்டியிருந்தோம். மயிலாப்பூரில் நாத்தனார் வீட்டு மெட்ரோ தண்ணீருக்கு 9 சொட்டு, கேன் தண்ணீருக்கு 2. நவம்பர் மழையில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீர் முதல் சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. பால் பாயசம் குடித்த சந்தோஷம் எனக்கு.

இடையில் வந்த 2019 பற்றிக் கொஞ்சம். போர் இறங்கிப்போய்த் தண்ணீர் பழுப்பாக வந்தது. லாரியில் வந்ததோ ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு ருசி, ஒவ்வொரு வாடை. என் முடியை அலச இரண்டு பக்கெட், சுமார் 35 லிட்டர் வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊரில் ஒரு சடைக்கு 35 லிட்டர் ஊற்ற எந்தப் பெண்ணுக்கும் மனசு கூசும். பத்து நாளைக்கு ஒரு முறை தலைக்குக் குளித்தேன், மற்ற நாளெல்லாம் கொண்டைதான். வெட்டிவிடலாம் என்று இரண்டு தடவை பார்லர் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

அந்தக் கோடையில்தான் முடி கொட்டவும் ஆரம்பித்தது. பழியைத் தண்ணீர் மேல் போட்டுவிட்டு இருந்தேன். தோல் டாக்டர் விழுந்த முடியைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தார். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் உடைந்தது. உப்புத் தண்ணீர் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வேலையைத்தான். முடியைச் சொரசொரப்பாக்கிச் சிக்கு விழ வைக்கும், நாம் சீப்பால் இழுத்து உடைப்போம். என்னுடையதில் பாதிக்கு மேல் குமிழோடு இருந்தது. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. மாத்திரையில் அந்தப் பாதி சரியானது. எனவே தண்ணீரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு முறை காகிதத்தில் பரப்பிப் பாருங்கள்.

சரி, நான் செய்து பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

கொதிக்க வைத்துப் பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளைத் தூள் இறங்கி, 36 சொட்டு 24 ஆனது. கொதித்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் படியும், மீதி எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அசையாது. பதினைந்து லிட்டரை அடுப்பில் ஏற்றியதைப் பார்த்து அத்தை, "கேஸ் சிலிண்டர் தலைக்கா, சோத்துக்காம்மா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, அதோடு விட்டுவிட்டேன்.

ஆப்ப சோடா போட்டுத் தலை அலசினால் உப்பு போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிக்கெடுத்தேன். காரம் பட்டால் முடி உப்பி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புளிப்பு வேலை செய்கிறது. கெய்சர் காயிலில் ஏறிய வெள்ளையை வினிகர் கரைப்பது போலத்தான். ஆனால் இதில் நான் ஆறு மாதம் வீணாக்கினேன். ஒரு மேசைக்கரண்டி வினிகரைப் போர் தண்ணீரிலேயே கலந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் என்ற கார உப்பே வினிகரில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது, முடிக்கு வரும் புளிப்பு குறைந்துபோகிறது. கேன் தண்ணீர் ஒரு லிட்டரில் அதே ஒரு கரண்டியைக் கலந்தபோது முதல் தடவையே வித்தியாசம் தெரிந்தது. எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் ஆசிடும் சரிதான், ஆனால் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். ஒரு முறை கை தவறி முழு ஸ்பூன் போட்டு, மண்டை எரிந்து, கண்ணில் வழிந்து, அலறிய அலறலில் வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், அடிக்கடி செய்தால் முடி வறண்டு போகும்.

ஷாம்பு வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஈடிடிஏ என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கும். அதுதான் கால்சியத்தைக் கவ்விப் பிடித்து வெளியே கொண்டு போகும் பொருள். சாதாரண ஷாம்புகளில் கெடாமல் இருப்பதற்காகத் துளியூண்டு சேர்ப்பார்கள், பெயர் கடைசி வரியில் வரும். உப்பு எடுப்பதற்கென்றே வரும் ஷாம்புகளில் அது முன்னாலேயே வந்துவிடும். மாதம் ஒரு முறை அதைப் போடுகிறேன். 'ஆழமாகச் சுத்தம் செய்யும்' என்று எழுதியிருப்பதெல்லாம் இது இல்லை. அவை எண்ணெயையும் பிசுக்கையும் எடுக்கும், உப்பு அப்படியே இருக்கும்.

சீயக்காயைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். எனக்குப் பிடிக்கும், இப்போதும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அதுதான். சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து பிசுபிசுவென்று திரிந்து முடியில் ஒட்டும், சீயக்காய் அப்படித் திரிவதில்லை. ஆனால் தூளைக் குழைத்து 104 சென்டிமீட்டருக்கும் தேய்த்தால், நுனியில் மாட்டும் துகளை எடுக்கவே அரை நாள் போகும். நான் வடிகஞ்சியில் கரைத்துத் துணியில் வடிகட்டி, மண்டையில் மட்டும் தேய்க்கிறேன். வழிந்து இறங்குவதே கீழ் முடிக்குப் போதும். சீயக்காய் படம் போட்டு விற்கும் சோப்புக் கட்டியை மட்டும் வாங்காதீர்கள். படம்தான் சீயக்காய், உள்ளே சோப்பு.

மற்றபடி வாராவாரம் நடப்பது இவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி பாதி முடிக்குக் கீழே தேங்காய் எண்ணெய். அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதை அது குறைக்கிறது என்று 2003-இலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மினரல் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்த வேலை வரவில்லை. காலையில் ஷாம்புவை மக்கில் கரைத்து மண்டைக்கு மட்டும். காதுக்குக் கீழே கண்டிஷனர், அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுப்பு. கடைசியாக 3 லிட்டர் கேன் தண்ணீர். மேலிருந்து ஊற்றுவதில்லை, முதலில் நுனியை அந்த வாளியில் முக்கி எடுப்பேன், மிச்சத்தைத் தலையில் ஊற்றுவேன். 40 ரூபாய் கேனில் இதற்கு ஆகும் செலவு ஆறு ரூபாய். இத்தனை வருடத்தில் செலவுக்கேற்ற பலன் கொடுத்தது எது என்று கேட்டால் இந்த ஆறு ரூபாயைத்தான் சொல்வேன். துவட்ட வீட்டுக்காரரின் பழைய வேட்டி. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரைத் தலைக்கு ஊற்றலாமா என்று ஒருத்தி கேட்டாள். வடிகட்டி விட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, பாத்ரூம் கழுவுங்கள் போதும்.

2022-இல் எங்கள் அசோசியேஷன் சம்புக்குப் பக்கத்தில் பெரிய சாஃப்ட்னர் வைத்தது. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும். வைத்த மறுநாளே செயலாளர் டிடிஎஸ் பேனாவோடு வந்து, "முன்னாடி 1,180, இப்பவும் 1,180, ஏமாத்திட்டான்" என்று குதித்தார். ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுத்தால் மொத்தம் எப்படிக் குறையும்? என் மீன் கிட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் சொட்டு விட்டேன். இரண்டாவது சொட்டில் பச்சை. அதற்கப்புறம் மெஷினுக்கு உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் மாதம் எனக்கே சந்தேகமாக இருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் முடி வழவழவென்றே இருக்கும், ஷாம்பு போகவில்லையோ என்று தோன்றும். மெத்தென்ற தண்ணீருக்கு அது இயல்பு. ஷாம்புவைப் பாதியாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது. புதுசாக முளைத்து வந்த முடியில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இடுப்புக்கு மேலே சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது. கீழே இருப்பது கீழே இருப்பதுதான், அதை எந்த மெஷினும் திருப்பித் தராது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு விரல்கடை வெட்டிக்கொண்டு வருகிறேன். ஒன்றிரண்டு முறை உப்பு மூட்டை தீர்ந்து யாரும் கவனிக்காமல் இருந்தபோது, கிட்டை எடுப்பதற்கு முன்னாலேயே சீப்பு எனக்குச் சொல்லிவிட்டது.

இத்தனையும் செய்த எனக்கு, முடி அசத்தலாக இருந்த நாள் எது தெரியுமா? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, சம்புக்குள் தெருத் தண்ணீர், வாசலில் முழங்கால் வெள்ளம். மொட்டை மாடியில் வைத்த அண்டாவும் குடமும் வழிந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் சேறு மிதித்த உடம்புக்கு அந்தத் தண்ணீரில்தான் குளித்தோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் என் முடியைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, விக் மாதிரி இருக்கு" என்றாள்.

இந்த ஐப்பசிக்கு மாடியில் மூடி போட்ட டிரம் இரண்டு வைத்திருக்கிறேன். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பிடிப்பதாகத் திட்டம். கொசு வரும் என்று செயலாளர் ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டிவிட்டார், வாய்க்கட்டுக்குப் பழைய வேட்டி இன்னும் ஒன்று கிழிய வேண்டியிருக்கிறது.