உயிர்காப்பு மிதவை வாங்குவோர் கவனத்திற்கு: எங்கள் 4,800 டாலர் போய்விட்டது

டிசம்பர் 26 அன்று சிட்னி துறைமுகத்திலிருந்து டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் வரை 628 கடல் மைல் ஓடும் பாய்மரப் படகுப் பந்தயத்திற்குப் படகைத் தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்காக, அதிலும் எங்களைப் போல எட்டுப் பேர் கைக்காசைச் சேர்த்துப் போட்டு முதன்முறையாக இறங்கும் குழுக்களுக்காக, இதை எழுதுகிறேன். பழைய கடற்சாதனங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையின் வழியாக, உயிர்காப்பு மிதவைகளை (படகு மூழ்கினால், கயிற்றை இழுத்ததும் சிலிண்டர் வாயுவால் விரிந்து ஆட்களை ஏற்றிக்கொள்பவை) சீரமைத்து விற்பதாகச் சொல்லும் ஒரு கடையிடம் 4,800 டாலரைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறோம்.

மிதவை ஒப்புக்கு ஏற்றிச் செல்லும் பொருள் அன்று. 1998ஆம் ஆண்டுப் பந்தயத்தில், ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையிலுள்ள பாஸ் நீரிணையை ஒட்டி அடித்த புயலில் ஆறு பேர் இறந்தனர். ஐந்து படகுகள் மூழ்கின. புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட் போய்ச் சேர்ந்தன. மூழ்கிய ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ படகிலிருந்து மிதவைக்கு மாறியவர்களில் மூவரை அலை அடித்துச் சென்றுவிட்டது. இதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாததன்று. அதைச் சொல்லியேதான் எங்களிடம் விற்றார்.

நாங்கள் நேரில் போனபோது, காட்சிக்கு வைத்திருந்த வேறொரு மிதவையைக் கடையின் தரையில் ஊதி விரித்து எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். கைப்பம்பு, தண்ணீர்ப் பொட்டலங்கள், ஆபத்தில் சைகை காட்டும் தீச்சுடர்க் குச்சிகள் என ஒவ்வொன்றையும் எடுத்துக் கையில் கொடுத்தார். தாமே அந்தப் பந்தயத்தில் ஓடியவர் என்றும், 1998இல் இறந்தவர்களில் ஒருவரைப் பழக்கம் என்றும் சொல்லிச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “என் பிள்ளைகளை ஏற்றி அனுப்புவதாக நினைத்துத்தான் உங்கள் மிதவையை மடித்து வைத்திருக்கிறேன்” என்றார். எங்கள் கேப்டன் கண் கலங்கிவிட்டார். எங்கள் மிதவையை மடித்து வைத்து முத்திரையிட்ட பெட்டியின் மேலிருந்த எண்ணும் பராமரிப்புச் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கட்டினோம்.

பந்தயத்திற்கு முந்தைய பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஆய்வாளர், சான்றிதழில் தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகார எண் இல்லாததைக் கண்டு, முறையான பராமரிப்பு நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டும்படி சொன்னார். திறந்தபோது நான் அருகில் இருந்தேன். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்கப் பிரிக்கத் தையலோரத்துப் பசை பழுப்புப் பொடியாக எங்கள் கைகளில் உதிர்ந்தது. சிலிண்டரைத் தராசில் வைத்தால், அதன்மேல் பொறித்திருந்த எடையைவிடக் குறைவாகக் காட்டியது; வாயு கசிந்திருந்தது. மிதவையின் துணியில் அச்சிட்டிருந்த எண் பெட்டியின் எண்ணே அன்று. கடலில் கயிற்றை இழுத்திருந்தால் இது விரிந்திருக்காது என்று அங்கிருந்தவர் சொன்னபோது எங்களில் யாருக்கும் பேச்சு எழவில்லை.

அன்று மாலையே கடைக்குத் தொலைபேசினோம். பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த அழைப்பில், பெட்டியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். திறக்காமல் பழுது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எங்களிடம் அத்தனை கனிவாகப் பேசிய அந்த மனிதர் இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை. இணையச் சந்தையோ, பணத்தை நேரடியாகக் கடையின் வங்கிக் கணக்கில் செலுத்தியதால் தங்களுக்கு இதில் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. 4,800 டாலர்! புயற்பாய்க்கும், ஆட்களைப் படகோடு பிணைக்கும் இடுப்புவார்களுக்கும் ஒதுக்கி வைத்திருந்த பணமும் அதற்குள்தான் இருந்தது. எட்டு உயிர்களுக்கு இவர்கள் போட்ட விலை அது என்று நினைக்கும்போது உடம்பு பதறுகிறது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன்; வாடகை மிதவைக்கு இன்றைக்குள் முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். சான்றிதழ் தந்த நிலையத்திற்கு அங்கீகாரம் உண்டா என்று மிதவையைத் தயாரித்த நிறுவனத்திடமே கேளுங்கள். உங்கள் கண்முன் திறந்து, சிலிண்டரை எடைபோட்டு, மறுபடி மடிக்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். வங்கிக் கணக்கிற்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். இந்தப் பருவத்தில் பழைய மிதவை வாங்கியிருப்பவர்கள் சோதனை நாள் வரை காத்திராமல் இந்த வாரமே திறந்து பார்த்துவிடுங்கள்.