எஸ்பெராண்டோ சொல்லிக்கொடுக்கப் பயணம்: சொந்த வேனா, ரயிலா?

எஸ்பெராண்டோ என்பது பல நாட்டவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கப்பட்ட பொதுமொழி. அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கும் பயணத்தை ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கில் தொடங்கிப் போலந்தின் பியாலிஸ்டோக்கில் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னது 2006 முதல் தன்னை 'எஸ்பெராண்டோ நகரம்' என்றே அழைத்துக்கொள்ளும் ஊர். பின்னது மொழியை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் 1859-இல் பிறந்த ஊர்.

செலவு: வேனுக்கு டீசல், பார்க்கிங். ஜெர்மன் நெடுஞ்சாலையில் காருக்குச் சுங்கம் இல்லை. போலந்தின் ஏ2 சாலையில் சில பகுதிகளில் உண்டு. ரயிலில் டிக்கெட் மட்டும்.

தங்குமிடம்: வேனிலேயே படுக்கலாம், முதுகு ஒத்துழைத்தால். ரயிலில் போனால் 'பாஸ்போர்ட்டா செர்வோ' கைகொடுக்கும். எஸ்பெராண்டோ பேசுபவர்களுக்கு வீட்டில் இலவசமாக இடம் தருபவர்களின் பட்டியல் அது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். என் கணக்கில் இதுதான் பெரிய லாபம்: இரவுச் சாப்பாட்டிலேயே பேச்சுப் பயிற்சி நடந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர்களையும் வகுப்புக்கு அழைத்து வருவார்கள்.

சுமை: வேனில் பலகை, புத்தகக் கட்டு எல்லாம் ஏறும். ரயிலில் முதுகுப் பைதான். பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில் முடியும் என்று தொடங்க ஒரு சாக்பீஸ் போதாதா?

கிராமம் கிராமமாக, பள்ளிகளில் வகுப்பு என்றால் வேன். நகரங்களில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, அதுவும் தனியாள் என்றால் ரயில்.