அமுக்கரா கெப்சூல்: 38 நாள் குடித்துப் பார்த்ததில் தெரிந்தவை

பண்டாரவளை நகரிலுள்ள ஒரு மூலிகைக் கடையில் இந்தப் போத்தலை வாங்கினேன். 60 கெப்சூல், ஒவ்வொன்றிலும் 300 மில்லிகிராம் அமுக்கரா, விலை 3,400 ரூபாய். மனப்பதற்றம், உறக்கமின்மை, களைப்பு ஆகிய மூன்றுக்கும் உகந்தது என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அந்த மூன்றும் இருந்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போன நாளிலிருந்து, தகரக் கூரையில் கனத்த மழை விழும் இரவுகளில் நான் உறங்குவதில்லை. முன்பெல்லாம் மழை விட்டதும் பதற்றமும் விட்டுவிடும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அது பகலுக்கும் பரவி, வகுப்பறையில் நிற்கும்போதே நெஞ்சு படபடக்கத் தொடங்கியதால்தான் கடைக்குப் போனேன்.

"பயப்படாம குடிங்க டீச்சர், மூலிகைதானே, பக்கவிளைவு ஒன்னும் வராது" என்றார் கடைக்காரர். வேறு ஏதாவது மருந்து குடிக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. கடந்த ஏழு ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் தைரொயிட் சுரப்புக் குறைவுக்கான 50 மைக்ரோகிராம் தைரொக்சின் மாத்திரை போடுகிறவள் நான். பல் துலக்குவதைப் போல அதுவும் பழகிவிட்டதால், அதை ஒரு மருந்தாக நினைப்பதையே விட்டிருந்தேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கெப்சூல் பெரிதானாலும் விழுங்கச் சிரமமில்லை. உடைத்துப் பார்த்தால் குதிரை வியர்வை போன்ற மணம், அதுதான் அசுவகந்தா என்ற வடமொழிப் பெயருக்குக் காரணம். மூடி முத்திரையிடப்பட்டிருந்தது, காலாவதித் திகதியும் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது வேரை அரைத்த தூளா அல்லது வேரிலிருந்து எடுத்த செறிவான சாறா என்பதை லேபல் சொல்லவில்லை. இது சிறிய குறை அல்ல. 300 மில்லிகிராம் தூளும் 300 மில்லிகிராம் செறிசாறும் ஒரே வலு உடையவை அல்ல. எச்சரிக்கை வாசகம் ஒரேயொரு வரி, அதுவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். போத்தலின் முகப்பில் 'அமுக்கரா' என்பதைப் பெரிய சிங்கள எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இரு மொழியிலும் ஒரே பெயர் வழங்கும் மூலிகைக்குத் தமிழில் ஒரு வரி எழுத இடமில்லாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதல் நான்கு வாரம் இரவு உணவுக்குப் பின் ஒரு கெப்சூல் வீதம் குடித்தேன். இரண்டாவது வாரத்தில் உறக்கம் தெளிவாகவே மேம்பட்டது. ஆனால் அதே நாள்களில் மாலைத் தேத்தண்ணியையும் நிறுத்தியிருந்தேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேயிலைக் காட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாயத்தண்ணி ஒரு கணக்கே இல்லை. எழுதி வைத்துப் பார்த்தபோது நாளுக்கு ஆறு கோப்பை வந்தது. அத்தனை கஃபீன் உள்ளே போனால் நெஞ்சு படபடப்பதிலும் உறக்கம் தள்ளிப்போவதிலும் வியப்பில்லை. ஆகவே நல்ல உறக்கத்துக்கான புகழைக் கெப்சூலுக்கு மட்டும் கொடுக்க என்னால் முடியாது.

அதே நேரத்தில் காலையில் ஒரு மந்தம் இருந்தது. தடிமல் பிடித்த ஒரு வாரம், வழக்கம்போல இரவில் உறக்கம் வரவைக்கும் தடிமல் மாத்திரையான பிரிட்டன் (Piriton) ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். மறுநாள் பள்ளிக்கூட பஸ்ஸில் உறங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அமுக்கராவின் தாவரப் பெயரிலுள்ள 'சொம்னிஃபெரா' என்ற சொல்லுக்கே உறக்கம் தருவது என்று பொருள். உறக்கம் தரும் இரண்டைச் சேர்த்துப் போட்டுவிட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் வாகனம் ஓட்டுகிறவரை நினைத்தால் இது சிரித்துவிட்டுப் போகிற விடயம் அல்ல.

ஐந்தாவது வாரத்தில் நிலைமை மாறியது. பதற்றம் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூடுதலாக. கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. ஜனவரிக் குளிரில், எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கும்போது எனக்கு மட்டும் வியர்த்தது. நோய் கூடிவிட்டது என்று முடிவு செய்து, காலையும் இரவுமாக இரண்டு கெப்சூல் குடிக்கத் தொடங்கினேன். இந்த 38 நாளில் நான் செய்த பெரிய தவறு அதுதான். பத்து நாள் அப்படிப் போனபின், கிளினிக்கில் வைத்தியர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், புதுசா ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகுதான் போத்தல் நினைவுக்கு வந்தது. இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் சுரப்பு; உடலில் தைரொக்சின் மிகுந்தால் இது குறையும்) அளவு 0.1, வழக்கமாக அது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும்.

அமுக்கரா சிலருக்குத் தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். வெளியிலிருந்து தைரொக்சினும் உள்ளே போகும்போது அளவு மீறிவிடலாம். அப்படி மீறினால் வருபவை படபடப்பு, நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. எதைத் தணிக்க வாங்கினேனோ அதன் முகத்தோடேயே பக்கவிளைவும் வந்து நின்றதால்தான் என்னால் அடையாளம் காண முடியவில்லை. இதற்குக் கெப்சூல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். போத்தலை மூடி வைத்து ஆறு வாரம் கழித்து, தைரொக்சின் அளவை மாற்றாமலே மறுபடி பரிசோதித்தபோது 1.8 வந்தது.

அமுக்கராவே பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2012இல் வெளியான ஐதராபாத் ஆய்வொன்றில் 64 பேர் கலந்துகொண்டார்கள். 300 மில்லிகிராம் செறிசாற்றை நாளுக்கு இருமுறை 60 நாள் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மனவழுத்தம் குறைந்திருந்தது. என்னுடன் கற்பிக்கும் ஓர் ஆசிரியைக்கும் இதே கெப்சூல் ஒத்துக்கொண்டது. முதல் வாரம் வயிறு இளகியதைத் தவிர அவருக்கு வேறு தொல்லை இல்லை. சித்த வைத்தியத்தில் இந்தக் கிழங்கைப் பால் ஆவியில் பிட்டுப் போல அவித்துச் சுத்தி செய்து, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நம் வீடுகளிலும் வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு உண்கிறோமே தவிர, அதன் சாற்றைச் செறித்து நாள்தோறும் விழுங்குவதில்லை. மறுபுறம், 2023இல் டென்மார்க் அமுக்கரா சேர்ந்த பொருள்களைத் தடை செய்தது. அரிதாகவேனும் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு காரணமின்றி அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கருவுற்றிருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் உறக்கத்துக்கும் மாத்திரை போடுகிறவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். தைரொயிட் காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு நோயோ மருந்தோ இல்லாதவர்கள் வாங்குவதானால், தூளா சாறா என்பதைத் தெளிவாக எழுதியிருக்கும் வேறொரு போத்தலைத் தேடலாம். நான் வாங்கிய போத்தலுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண் கொடுக்கிறேன். அதில் ஒன்று என்னுடன் கற்பிக்கும் ஆசிரியையின் உறக்கத்துக்காக.

மீதமிருந்த 12 கெப்சூலோடு கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார், வருத்தமும் தெரிவித்தார். பிறகு மேல் தட்டிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்து, "அப்படின்னா இத பாருங்க டீச்சர், இது வேற கம்பனி" என்று நீட்டினார். சேர்மானப் பட்டியலில் முதற்பெயர் அமுக்கரா.