அம்மாவின் இடுப்பு வலிக்கு பிசியோவா, வி.ஆர். ஹெட்செட்டா?

அம்மாவுக்கு 69 வயது. இடுப்பு வலி வந்து மூன்று வருஷம் ஆகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், "தேய்மானம்தான், ஆபரேஷன் தேவையில்லை, உடற்பயிற்சி செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு இருந்தவை மூன்று வழிகள்: இடுப்பு பெல்ட், வீட்டுக்கு வரும் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்), தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவி).

பெல்ட் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டும் முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி வேண்டும் என்கிறது.

பிசியோ நல்ல பையன். அம்மாவின் உடம்பைத் தொட்டுப் பார்த்து, எது செய்யலாம், எது கூடாது என்று சொன்னார். எந்தக் கருவியும் அதைச் செய்யாது. ஆனால் அவர் வராத நாட்களில் எழுதிக் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருந்தது.

நான் ஹெட்செட் பக்கம் சாயக் காரணம் ஒரே விஷயம்: குனிய அம்மாவுக்கு இருந்த பயம். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட அம்மா முதுகைக் கட்டைபோல வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து உட்காருவார். வாசல் கோலத்தை விட்டு இரண்டு வருஷம். "குனிங்கம்மா" என்று பிசியோ சொன்னால், "வேணாம் தம்பி, பிடிச்சுக்கும்" என்பார். பயத்தில் அசையாமலே இருந்தால் முதுகு இன்னும் இறுகும், இறுகினால் பயம் இன்னும் கூடும். ஹெட்செட்டில் பந்துகள் பக்கவாட்டிலும் தாழ்வாகவும் வரும், கையால் தட்ட வேண்டும். நாலாவது நாள் அம்மாவின் கை முழங்காலுக்குக் கீழே போனது. அது அவருக்கே தெரியவில்லை. கவனம் முழுக்கப் பந்தில்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. குனியப் பயந்த இடுப்பு வலிக்காரர்கள் 52 பேரை வைத்து, மெய்நிகர் பந்து விளையாட்டில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. விளையாடும்போது முதுகு கூடுதலாக வளைந்தது. வெளியே வந்து சாதாரணமாகக் கை நீட்டச் சொன்னபோது அந்த மாற்றம் தெரியவில்லை. மூன்று நாள் விளையாட்டுதான் என்றாலும் எனக்கு அது உறைத்தது. அதனால் ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு, உயரம் குறைந்த ஸ்டூலில் வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைக்கச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் பலன் தந்தது இந்த இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

சிரமங்களும் உண்டு. எங்களுடைய ஹெட்செட்டான குவெஸ்ட் 3 ஏறக்குறைய 515 கிராம். பத்து நிமிஷத்துக்கு மேல் அம்மாவின் கழுத்து தாங்காது. மூக்குக் கண்ணாடியோடு மாட்டுவது தனி வேலை. வியர்வையைத் துடைக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், விளையாட்டைத் திறந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் பகலில் யாரும் இல்லையென்றால் பிசியோவே மேல். நின்று விளையாட நாங்கள் விடுவதே இல்லை. சக்கரமில்லாத, கைப்பிடி வைத்த நாற்காலியில்தான். ஹெட்செட் கண்ணை மறைத்திருக்கும்போது வயதானவர்கள் தடுமாறினால் பிடிக்க நேரம் இருக்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வி.ஆர். கருவியை அனுமதித்தது. அப்போது ஈஸ்விஆர்எக்ஸ் எனப்பட்ட அந்தக் கருவி மருத்துவர் சீட்டோடு தரப்படுவது. எட்டு வாரம் மூச்சு, மனப் பயிற்சிகள். கடையில் வாங்கும் விளையாட்டுக்கு அந்த அனுமதி பொருந்தாது.

எங்கள் அனுபவம் நான்கு மாதம்தான், ஒரே ஆளுடையது. அம்மாவுக்குக் கால் மரத்துப்போதல் இல்லை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு முன்னால் குனிவதே முதுகெலும்பு நொறுங்கக் காரணமாகலாம் என்பதால், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்த்த பிறகே ஆரம்பித்தோம். பிசியோவை நிறுத்தவும் இல்லை. வாரம் இரண்டு முறை வந்தவர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். அம்மா விளையாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, பந்து எவ்வளவு தாழ வரலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.